ஆங்கில வாசிப்புத் தேர்வில் சரியான ஆப்ஷனைப் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக ஆங்கில வாசிப்புத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஐஇஎல்டிஎஸ், பிடிஇ, கேம்பிரிட்ஜ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகள், மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ என்று தேர்வுகள் மாறினாலும் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் மாறுவதில்லை. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பாசேஜ் என்று நான் சொல்வது படிக்கக் கொடுக்கப்படும் முழு உரையை. பத்தி என்றால் அதற்குள் இருக்கும் ஒரு பாரா.

முதலில் பாசேஜைப் படிப்பதா, கேள்வியைப் படிப்பதா?

பாசேஜின் நீளத்தைப் பொறுத்தது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான இப்போதைய டிஜிட்டல் எஸ்ஏடி தேர்வில் ஒரு பாசேஜ் 25 முதல் 150 சொற்கள்தான், அதற்கு ஒரே கேள்வி. அங்கே கேள்வியை முதலில் பார்த்துவிடுவதே நல்லது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு படிக்கலாம்.

ஐஇஎல்டிஎஸ் மாதிரி நீளமான பாசேஜ் என்றால் முதலில் இரண்டு நிமிடம் மேலோட்டமாக ஓட்டுங்கள். தலைப்பு, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம், கடைசிப் பத்தி. எந்தப் பத்தியில் எந்த விஷயம் இருக்கிறது என்று மனதில் ஒரு வரைபடம் கிடைத்தால் போதும், ஆழமாகப் புரிய வேண்டியதில்லை. அப்புறம் கேள்விக்குப் போய், உரிய இடத்துக்குத் திரும்பி வந்து நிதானமாகப் படியுங்கள்.

எப்படிச் செய்தாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கேள்வியைப் படிக்கும்போது கூடவே ஆப்ஷன்களையும் படிக்காதீர்கள். நான்கு ஆப்ஷன் இருந்தால் மூன்று பொய். பாசேஜைத் தொடுவதற்கு முன்பே அந்த மூன்றும் மனதில் உட்கார்ந்துகொண்டால், படிக்கும்போது அவை பாசேஜில் இருப்பது போலவே தோன்றும். கேள்வியைப் படித்து, பாசேஜில் இடத்தைக் கண்டுபிடித்து, விடையை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரியாக மனதுக்குள் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு ஆப்ஷன்களைப் பாருங்கள்.

பாசேஜ் நன்றாகப் புரிகிறது. ஆனாலும் விடை தப்பாகப் போகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தப்பான ஆப்ஷன்கள் சும்மா இடத்தை நிரப்ப வைத்தவை அல்ல. சரியான விடையை எழுதுவது கேள்வி தயாரிப்பவருக்குச் சுலபம். பாதி கவனத்தோடு படித்தவரை இழுக்கிற மாதிரி மூன்று தப்பு விடை எழுதுவதில்தான் அவருடைய உழைப்பெல்லாம் போகிறது. அந்தத் தப்பு விடைகளுக்கு டிஸ்ட்ராக்டர் என்றே பெயர், கவனத்தைத் திருப்புவது என்று பொருள். பாசேஜைப் புரிந்துகொள்வது ஒரு திறமை என்றால், இந்த டிஸ்ட்ராக்டர்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று தெரிந்துகொள்வது இன்னொரு திறமை. நம்மில் பலர் முதலாவதற்கு மட்டும்தான் பயிற்சி எடுக்கிறோம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். தேர்வில் இது ஆங்கிலத்தில் இருக்கும். வேலை செய்யும் விதம் தெரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.

"உணவு இருக்கும் திசையைத் தேனீக்கள் நடனமாடித் தெரிவிக்கின்றன என்று கார்ல் ஃபான் ஃபிரிஷ் சொன்னதைச் சில விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. தேனீக்கள் வாசனையை வைத்தே பூக்களைக் கண்டுபிடிக்கின்றன என்று அவர்கள் வாதிட்டார்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், நடனத்தைப் பின்பற்றிய தேனீக்களின் உடலில் மிகச் சிறிய கருவியைப் பொருத்தி, ரேடார் மூலம் அவற்றின் பாதையைப் பதிவு செய்தார்கள். நடனம் காட்டிய திசையிலேயே அவை பறந்தன. ஆனாலும் அந்த இடத்தின் அருகே போன பிறகு, உணவைச் சரியாகக் கண்டடைய வாசனை போன்ற வேறு குறிப்புகள் அவற்றுக்குத் தேவைப்பட்டன."

கேள்வி: 2005ஆம் ஆண்டு ஆய்வு என்ன செய்தது?

அ. உணவைத் தேடுவதில் வாசனைக்குப் பங்கே இல்லை என்று நிரூபித்தது.
ஆ. ஃபான் ஃபிரிஷை ஏற்காதவர்களின் வாதமே சரி என்று காட்டியது.
இ. நடனம் திசையைத் தெரிவிக்கிறது என்ற கருத்துக்கு ஆதரவு தந்தது.
ஈ. தேனீக்களைப் பின்தொடர ரேடாரே சிறந்த வழி என்று காட்டியது.

விடை 'இ' என்று தமிழில் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில், கடிகாரம் ஓடும்போது, அவ்வளவு லேசாகத் தெரியாது. ஒவ்வொன்றும் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 'அ' பாதி உண்மையை எடுத்து எல்லை வரை இழுக்கிறது. ஆய்வு நடனத்துக்கு ஆதரவாக இருந்தது சரி, ஆனால் "பங்கே இல்லை" என்ற இரண்டு சொற்கள் கடைசி வாக்கியத்தோடு மோதுகின்றன. 'ஆ' தலைகீழ். பாசேஜை வேகமாக ஓட்டியவர் யார் எந்தப் பக்கம் என்பதைக் குழப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்து வைத்தது. 'ஈ'யில் ரேடார், தேனீ என்று பாசேஜில் இருக்கும் சொற்களே இருக்கின்றன, ஆனால் சிறந்த வழி எது என்ற பேச்சே பாசேஜில் வரவில்லை.

சரியான விடையைக் கவனியுங்கள். "ஆதரவு", "கருத்து" என்ற சொற்கள் பாசேஜில் எங்கேயுமே இல்லை! பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சரியான விடை பாசேஜின் பொருளை வேறு சொற்களில் சொல்லும். தப்பான விடை பாசேஜின் சொற்களை எடுத்து வேறு பொருளில் சொல்லும். என்னிடம் படித்த ஒரு பெண் பாசேஜில் இருக்கும் சொல் எந்த ஆப்ஷனில் அதிகம் வருகிறதோ அதையே குறித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் நன்றாகவே தெரிந்தவர். அந்தப் பழக்கத்தை விட்டதும் அவருடைய மதிப்பெண் ஏறியது. புதிதாக ஒரு சொல்கூட அவர் கற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே நான் எல்லோருக்கும் வைக்கும் ஒரே விதி: ஒரு ஆப்ஷனைக் குறிக்கும் முன், பாசேஜில் அதற்கு ஆதாரமான வரியின் மேல் விரல் வையுங்கள். வைக்க முடியவில்லை என்றால் குறிக்காதீர்கள், இன்னொரு முறை தேடுங்கள்.

இரண்டு ஆப்ஷனை நீக்கிவிட்டேன். மிச்சம் இரண்டும் சரி மாதிரியே இருக்கின்றன. என்ன செய்வது?

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இங்கே நாம் செய்யும் தவறு, "எது அதிகம் சரி?" என்று கேட்பது. அப்படிக் கேட்டால் இரண்டுக்குமே காரணம் கண்டுபிடித்துவிடுவோம். மனம் அதில் கெட்டிக்காரத்தனமானது.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். முதலில், இந்த இரண்டு ஆப்ஷனுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் எந்தச் சொல்லில் இருக்கிறது? ஒன்றில் "காரணம்" என்றும் இன்னொன்றில் "தொடர்பு" என்றும் இருக்கலாம். ஒன்றில் "பெரும்பாலான", இன்னொன்றில் "சில". அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பாசேஜுக்குத் திரும்புங்கள். இப்போது முழுப் பத்தியையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் சரிபார்க்கிறீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு ஆப்ஷனையும் தப்பு என்று நிரூபிக்கப் பாருங்கள். ஆப்ஷனின் வால் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். முதல் பாதி கச்சிதமாகப் பாசேஜோடு ஒத்துப்போகும், மனம் "சரி, இதுதான்" என்று நிம்மதி அடைந்துவிடும், கடைசி மூன்று சொற்களில் கதை மாறியிருக்கும். தொண்ணூறு சதவீதம் சரியான ஆப்ஷன் என்று ஒன்று கிடையாது. ஒரு சொல் தப்பென்றால் முழு ஆப்ஷனும் தப்புதான்.

இவ்வளவு செய்தும் முடியவில்லை என்றால் ஒன்றைக் குறித்துவிட்டு, கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் போட்டுவிட்டு நகருங்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது பல சமயம் வித்தியாசம் தானாகக் கண்ணில் படும்.

"ஆல்வேஸ்", "நெவர்" வரும் ஆப்ஷன் எல்லாம் தப்பு என்கிறார்களே?

அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க முடியாது. ஆல்வேஸ், நெவர், ஆல், ஒன்லி, மஸ்ட் போன்ற சொற்கள் வந்தால் உஷாராகுங்கள், அவ்வளவுதான். பாசேஜே "நெவர்" என்று சொல்லியிருந்தால் "நெவர்" என்ற ஆப்ஷன் சரியாக இருக்கலாம். ஆப்ஷன் எவ்வளவு அழுத்திச் சொல்கிறதோ, பாசேஜும் அவ்வளவு அழுத்திச் சொல்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இது இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஆராய்ச்சி பற்றிய பாசேஜ்களில் "மே", "குட்", "டெண்ட் டு", "சஜெஸ்ட்" என்று தயங்கித் தயங்கித்தான் எழுதுவார்கள். அந்தத் தயக்கத்தை ஆப்ஷன் விழுங்கிவிட்டு நேரடி உண்மையாகச் சொன்னால் அது தப்பு.

சின்னச் சொற்களில் நம்மவர்கள் அதிகம் வழுக்குவது "ஃபியூ", "எ ஃபியூ" இரண்டிலும்தான். "எ ஃபியூ" என்றால் சில பேர் இருக்கிறார்கள் என்று பொருள். முன்னால் அந்த "எ" இல்லாவிட்டால் அநேகமாக யாருமே இல்லை என்ற எதிர்மறைத் தொனி வந்துவிடும். "லிட்டில்", "எ லிட்டில்" கதையும் அதேதான். "ஹார்ட்லி" என்பது கஷ்டப்பட்டு உழைப்பதைக் குறிக்காது, கிட்டத்தட்ட இல்லை என்று அர்த்தம். "நாட் ஆல்" என்றால் எல்லோரும் இல்லை. ஒருவருமே இல்லை என்று அதைப் படித்துவிடக் கூடாது. நீளமான கலைச்சொல் தெரியாமல் போன மதிப்பெண்ணை விட இந்தச் சின்னச் சொற்களில் போன மதிப்பெண்ணைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் "ஃபால்ஸ்", "நாட் கிவன்" இரண்டுக்கும் வித்தியாசமே பிடிபடவில்லை.

இந்த வகையில் ஒரு கூற்றைக் கொடுத்து, பாசேஜின்படி அது ட்ரூவா (சரி), ஃபால்ஸா (தப்பு), நாட் கிவனா (பாசேஜில் சொல்லப்படவில்லை) என்று கேட்பார்கள். தேனீ பாசேஜையே எடுத்துக்கொள்வோம்.

"ஆய்வாளர்கள் தேனீக்களை வெறும் கண்ணால் பின்தொடர்ந்தார்கள்" என்ற கூற்று ஃபால்ஸ். ரேடார் என்று பாசேஜ் சொல்கிறது, இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது.

"அந்த ஆய்வு வெளியாவதற்கு முன்பே ஃபான் ஃபிரிஷ் இறந்துவிட்டார்" என்ற கூற்று நாட் கிவன். இது நிஜத்தில் உண்மை, அவர் 1982இல் காலமானார். ஆனால் பாசேஜ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உலகத்தில் எது உண்மை என்று இந்தக் கேள்வி கேட்கவில்லை, பாசேஜ் என்ன சொல்கிறது என்றுதான் கேட்கிறது.

ஃபால்ஸ் என்று குறிக்க வேண்டுமானால் மோதுகிற வரி ஒன்று உங்கள் விரலுக்கு அடியில் இருக்க வேண்டும். "அப்படி எதுவும் சொல்லவில்லையே, அதனால் தப்புதான்" என்று தோன்றினால் அதுவே நாட் கிவன். நாட் கிவன் விடைக்குத்தான் விரல் வைக்க வரி கிடைக்காது, அதனால்தான் அதில் நேரம் கரைகிறது. இந்த வகைக் கேள்விகள் பாசேஜின் வரிசையிலேயே வரும். முந்தைய கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் விடை கிடைத்த இடங்களுக்கு நடுவே தேடுங்கள். அங்கே இல்லையென்றால் நாட் கிவன் என்று போட்டுவிட்டு நகருங்கள்.

பாசேஜ் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றி வந்தால் நல்லதுதானே?

வேகமாகப் படிக்கலாம், அது லாபம். ஆனால் செவிலியர் ஒருவர் மருத்துவ பாசேஜில்தான் அதிகத் தப்பு செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஆப்ஷன் மருத்துவ ரீதியாகச் சரியாக இருந்தது, பாசேஜ் அதைச் சொல்லவில்லை. தெரிந்த விஷயம் வந்தால் விரல் வைக்கும் விதியை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

தெரியாத சொல் வந்தால்?

முதலில் அந்தச் சொல் உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். கேள்வி அதைத் தொடவில்லை என்றால் தாண்டிப் போங்கள். பாசேஜில் உள்ள எல்லாச் சொல்லும் தெரிந்துதான் விடை எழுத வேண்டும் என்று எந்தத் தேர்வும் எதிர்பார்ப்பதில்லை.

தேவை என்றால் சுற்றியுள்ள வாக்கியத்தைப் பாருங்கள். அது நல்ல விஷயமா கெட்ட விஷயமா, கூடுகிறதா குறைகிறதா என்ற அளவுக்குத் தெரிந்தாலே பாதி ஆப்ஷன்கள் விழுந்துவிடும். "ஹவெவர்", "ஆல்தோ", "அன்லைக்" போன்ற சொல் முன்னால் இருந்தால் இந்தப் பக்கத்துக்கு எதிரானது அந்தப் பக்கம். அதை வைத்தே பொருளைக் கணக்கிடலாம்.

பாசேஜிலிருந்து ஒரு சொல்லை எடுத்து "இங்கே இதன் பொருள் என்ன?" என்று நேரடியாகக் கேட்பார்கள். அங்கே எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்த சொல்லாகத்தான் இருக்கும். "அட்ரஸ்" என்றால் முகவரி என்று நமக்குத் தெரியும். ஒரு பிரச்சினையை "அட்ரஸ்" செய்வது என்றால் அதைக் கையில் எடுத்துத் தீர்க்க முனைவது. "ஈகானமி" என்றால் பொருளாதாரம், ஆனால் சொற்களில் "ஈகானமி" என்றால் சிக்கனம். ஆப்ஷன்களில் முதலில் தெரிகிற பொருள் கட்டாயம் இருக்கும், அதுவே பொறி. ஒவ்வொரு ஆப்ஷனையும் அந்தச் சொல்லின் இடத்தில் வைத்து வாக்கியத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் தமிழில் மாற்றித்தான் படிக்கிறேன். அது தப்பா?

தப்பு இல்லை, ஆனால் நேரம் தின்னும். அதற்கு மொழியமைப்பில் ஒரு காரணம் இருக்கிறது. "நேற்றுக் கடையில் வாங்கிய புத்தகம்" என்று தமிழில் விளக்கம் முன்னால் வரும், பெயர் கடைசியில் வரும். வினைமுற்றும் கடைசியில். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும், விளக்கம் அதன் வாலாக நீண்டுகொண்டே போகும், வினை நடுவில் எங்கேயோ இருக்கும். தமிழாக்கம் செய்கிறவர் வாக்கியத்தின் முடிவுக்குப் போய், மறுபடி முன்னால் வந்து, துண்டுகளை எடுத்து அடுக்க வேண்டியிருக்கிறது. நான்கு வரி நீளும் வாக்கியத்தில் இதைச் செய்தால் மூச்சு வாங்கிவிடும்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. நீளமான வாக்கியம் வந்தால் முதலில் இரண்டே இரண்டைத் தேடுங்கள்: யார் அல்லது எது? என்ன செய்தது? இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே இருப்பதையும், "விச்", "தட்", "ஹூ" என்று தொடங்குவதையும் தற்காலிகமாக அடைப்புக்குள் போட்டுவிடுங்கள். மிச்சம் இருக்கும் எலும்புக்கூடு ஐந்தாறு சொல்தான். அது புரிந்த பிறகு அடைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளுங்கள். ஒரு மாதம் தினமும் பத்து வாக்கியங்களை இப்படிப் பிரித்துப் பார்த்தால் தமிழாக்கம் செய்யும் தேவை தானாகக் குறையும். முழுப் புத்தகம் படித்து முடிப்பதை விட இதில் பலன் சீக்கிரம் தெரிகிறது என்பது என் அனுபவம்.

"மெயின் ஐடியா" கேள்விக்கு எப்படி விடை தேடுவது?

மற்றக் கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு இதைச் செய்யுங்கள். அதற்குள் பாசேஜை மூன்று நான்கு முறை சுற்றி வந்திருப்பீர்கள்.

இங்கே தப்பு ஆப்ஷன்கள் பொய் சொல்லாது, அளவில்தான் தப்பும். ஒன்று ஒரே பத்தியில் வரும் விஷயத்தை முழுப் பாசேஜின் கருத்து போலச் சொல்லும். இன்னொன்று பாசேஜை விடப் பெரிதாக விரியும். தேனீ நடனம் பற்றிய பாசேஜுக்கு "விலங்குகள் எப்படித் தொடர்புகொள்கின்றன" என்று தலைப்பு கொடுப்பது மாதிரி. ஒவ்வொரு பத்தியையும் எடுத்து "இந்த ஆப்ஷனுக்குள் நீ அடங்குகிறாயா?" என்று கேளுங்கள். ஒரு முக்கியமான பத்தி வெளியே நின்றால் அந்த ஆப்ஷன் சின்னது.

"இன்ஃபர்" என்று வந்தால் நாமாக யோசித்துச் சொல்ல வேண்டுமா?

ஒரே ஒரு படி மட்டும். பாசேஜ் சொல்வதிலிருந்து கட்டாயம் பெறப்படுவது எதுவோ அதுவே விடை. வேறு குறிப்புகள் "தேவைப்பட்டன" என்று தேனீ பாசேஜ் சொன்னால் "நடனம் மட்டும் போதவில்லை" என்று ஊகிக்கலாம், அது ஒரு படி. "ஆகவே தேனீக்களின் மோப்ப சக்தி கண் பார்வையை விடக் கூர்மையானது" என்று போனால் மூன்று படி தாண்டிவிட்டீர்கள். இந்த வகைக் கேள்வியில் சரியான விடை கொஞ்சம் சாதுவாக, "இதில் என்ன இருக்கிறது" என்று தோன்றும்படிதான் இருக்கும். சுவாரசியமான ஆப்ஷனைச் சந்தேகியுங்கள்.

"எக்ஸெப்ட்", "நாட்" என்று பெரிய எழுத்தில் வரும் கேள்விகள்?

பாசேஜில் இருக்கும் மூன்றையும் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அடித்துவிடுங்கள், மிச்சம் இருப்பது விடை. நேரம் பிடிக்கும், ஆகவே கடைசிக்குத் தள்ளலாம். கேள்வியில் உள்ள அந்த "நாட்" மேல் வட்டம் போடுங்கள். பாசேஜுக்குள் போய்த் திரும்பி வருவதற்குள் அது மறந்துவிடும்.

நேரம் பற்றவே மாட்டேன் என்கிறது.

ஐஇஎல்டிஎஸ் அகடமிக் வாசிப்பில் மூன்று பாசேஜ், 40 கேள்வி, 60 நிமிடம். மூன்று பாசேஜும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள். நிமிடத்துக்கு 150 சொல் என்ற நிதானமான வேகத்தில் படித்தால்கூட ஒரு முறை முழுதாகப் படிக்கப் பதினெட்டு நிமிடம் போதும். மிச்சம் நாற்பது நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. அப்படியானால் நேரம் எங்கே போகிறது? திரும்பத் திரும்பப் படிப்பதில், ஒரே கேள்வியில் பிடிவாதமாக உட்கார்வதில்.

நான் முதன்முதலில் எழுதியபோது முதல் பாசேஜ் சுலபமாக இருந்ததால் ரசித்துப் படித்து, எல்லா விடையையும் இரண்டு முறை சரிபார்த்து, முப்பது நிமிடம் செலவழித்துவிட்டேன். மூன்றாவது பாசேஜில் ஆறு கேள்விகளை நான் படிக்கவே இல்லை. அந்த ஆறில் இரண்டு மூன்று கேள்வியாவது எனக்குத் தெரிந்திருக்கும் என்ற எண்ணம் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. சுலபமான கேள்விக்கும் கஷ்டமான கேள்விக்கும் ஒரே மதிப்பெண். ஆகவே பாசேஜுக்கு இருபது நிமிடம், மூன்றாவது பொதுவாகக் கஷ்டமாக இருக்கும் என்பதால் முதலாவதைப் பதினேழில் முடிக்கப் பாருங்கள். ஒரு கேள்வி இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டுக் கிளம்புங்கள்.

காகிதத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. ஐஇஎல்டிஎஸ் வாசிப்பில் விடைத்தாளுக்கு மாற்றி எழுதத் தனி நேரம் கிடையாது. அந்த அறுபது நிமிடத்துக்குள்ளேயே விடைத்தாளிலும் எழுதி முடித்திருக்க வேண்டும்.

தெரியாவிட்டால் குத்துமதிப்பாகக் குறிக்கலாமா? நெகட்டிவ் மார்க் இருந்தால்?

நெகட்டிவ் மார்க் இல்லாத தேர்வில் ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள். ஐஇஎல்டிஎஸ், ஜிஆர்இ இரண்டிலும் தப்பு விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எஸ்ஏடியில் முன்பு கால் மதிப்பெண் கழித்தார்கள், 2016இல் அதை எடுத்துவிட்டார்கள்.

நெகட்டிவ் மார்க் இருந்தால் கணக்குப் போடுங்கள். நான்கு ஆப்ஷன், சரிக்கு ஒன்று, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பு என்று வைத்துக்கொள்வோம். எதுவுமே தெரியாமல் நான்கில் ஒன்றைக் குறித்தால் நீண்ட கணக்கில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரே ஒரு ஆப்ஷனை உறுதியாக நீக்க முடிந்தால் குறிப்பதே லாபம். கழிப்பு கால் மதிப்பெண்தான் என்றால் எதையும் நீக்காவிட்டால்கூட மிகச் சிறிய லாபம் உண்டு.

பல விடைகளைக் குறிக்கச் சொல்லும் கேள்விகள் வேறு மாதிரி. பிடிஇ அகடமிக்கில் அந்த வகைக்கு ஒவ்வொரு தப்புக்கும் ஒன்று கழியும், மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அங்கே உறுதியானதை மட்டும் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. ஜிஆர்இயில் பொருந்தும் எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது. ஒவ்வொரு ஆப்ஷனையும் தனித்தனி ட்ரூ, ஃபால்ஸ் கேள்வியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

"சி" என்று போட்டால் வாய்ப்பு அதிகம், நீளமான ஆப்ஷன்தான் சரி என்கிறார்களே?

கவனமாகத் தயாரிக்கப்படும் பெரிய தேர்வுகளில் இதையெல்லாம் பார்த்துச் சமன்செய்துவிடுகிறார்கள். நம்ப வேண்டாம்.

முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்பது உண்மையா?

ஆசிரியர்கள் பலரும் சொல்வதுதான், நானும் முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. 2005இல் ஜஸ்டின் க்ரூகர் என்ற உளவியலாளரும் சகாக்களும் பல்கலைக்கழக மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். மாற்றியவற்றில் பாதி தப்பிலிருந்து சரிக்குப் போயிருந்தன. கால்வாசிதான் சரியிலிருந்து தப்புக்குப் போனவை. மாற்றிக் கெட்டுப்போனது மனதில் தைக்கிறது, மாற்றி நன்மை அடைந்தது மறந்துபோகிறது, அதனால்தான் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

காரணம் இருந்தால் மாற்றுங்கள். புதிதாக ஒரு வரி கண்ணில் பட்டது, கேள்வியில் இருந்த "நாட்" இப்போதுதான் தெரிந்தது என்றால் தயங்கவே வேண்டாம். வெறும் பதற்றத்தால் கை துடித்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது? ஐம்பது மாதிரித் தேர்வு போட்டும் மதிப்பெண் ஏறவில்லை.

மாதிரித் தேர்வு எழுதி, விடைகளைச் சரிபார்த்து, மதிப்பெண்ணைக் குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் ஏறாது. அது எடை பார்க்கும் கருவி மேல் ஐம்பது முறை ஏறி நிற்பது போல. எடை அதனால் குறைவதில்லை.

பத்துத் தேர்வு போதும், ஆனால் ஒவ்வொரு தப்பையும் பிரித்துப் பாருங்கள். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள். சரியான விடைக்கு ஆதாரமான வரி எது? நான் குறித்த ஆப்ஷனில் எந்தச் சொல் தப்பு? அது ஏன் என்னை இழுத்தது? மூன்றாவதுதான் தங்கம். "பாசேஜில் இருந்த அதே சொல் இருந்தது", "வாலைப் படிக்கவில்லை", "எனக்கு முன்பே தெரிந்த விஷயம்" என்று உங்கள் கையாலேயே எழுதுவீர்கள். ஐந்து தேர்வு முடிவதற்குள் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு காரணம், மிஞ்சினால் மூன்று. சரியாக வந்த விடைகளில் குத்துமதிப்பாகக் குறித்தவற்றையும் இதே நோட்டில் சேர்த்துவிடுங்கள், அவையும் தெரியாத கேள்விகள்தான்.

இன்னொரு பயிற்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆப்ஷன்களை ஒரு காகிதத்தால் மூடிவிட்டுக் கேள்விக்கு விடையைச் சொந்தமாக ஒரு வரி எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு நீங்கள் எழுதியதற்கு நெருக்கமானதைத் தேடுங்கள். அது கைவந்த பிறகு, ஒரு படி மேலே போய், செய்தித்தாளில் ஒரு ஆங்கிலப் பத்தியை எடுத்து நீங்களே ஒரு கேள்வியும் நான்கு ஆப்ஷனும் தயாரியுங்கள். சரியான விடை இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். ஆளை இழுக்கிற மாதிரி தப்பு விடை மூன்று எழுதுவதற்குள் அரை மணி ஆகிவிடும். அந்த அரை மணியில் ஒரு "சில"வை "எல்லா" என்று மாற்றுவீர்கள், ஒரு காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுவீர்கள், பாசேஜின் சொல் ஒன்றை எடுத்து வேறு வாக்கியத்தில் ஒட்டுவீர்கள். அடுத்த மாதிரித் தேர்வில் அதே வேலையை வேறு யாரோ செய்துவைத்திருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும்.